ஒரு பேரைக் குறைக்கணும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் தரை காய்வதே கிடையாது. காய்ச்சல்காரர்களும் அவர்களைப் பார்க்க வருகிறவர்களும் வாசலில் கிடக்கிற செம்மண் சேற்றைக் காலோடு கொண்டுவந்து வார்டு வரைக்கும் அப்பிவிட்டுப் போவார்கள். கண்ணாத்தாள் ஒரு பக்கமிருந்து துடைத்துக்கொண்டே போய்த் திரும்பிப் பார்த்தால், துடைத்த இடமெல்லாம் மறுபடி காலடியாகக் கிடக்கும். அவள் யாரையும் ஏசமாட்டாள். பினாயில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆரம்பித்த இடத்துக்கே போய்விடுவாள்.

பிரசவ வார்டும் அதை ஒட்டிய பெண்கள் வார்டும் அவள் பொறுப்பு. அவளும் ஜொஹரா பீவியும் சேர்ந்து பார்த்தார்கள். பிள்ளை பிறந்த கட்டிலிலிருந்து ரப்பர் விரிப்பை உருவி, குழாயடியில் போட்டுத் தேய்த்து, ரத்தம் போன பிறகு பிளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சைத் தனிப் பையில் கட்ட வேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ள வேண்டும். நோயாளியைத் தொடக் கூடாது என்பது கம்பெனி சட்டம். ஆனால் வலி எடுத்துக் கத்துகிற பெண்ணுக்குப் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் நர்ஸ் கூப்பிடுவது இவர்களைத்தான். பெற்றவள் பிடித்த பிடியில் கண்ணாத்தாளின் மணிக்கட்டில் எப்போதும் ஒரு நகக்கீறல் இருக்கும்.

அவள் வேலைக்குச் சேர்ந்தது மூக்காயி ஓய்வுபெற்ற இடத்தில். மூக்காயி அரசாங்கச் சம்பளக்காரி. இப்போதும் மாசம் பிறந்தால் பென்ஷன் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி எதிரில் இருக்கிற கடையில் டீ குடித்துவிட்டுப் போவாள். அவள் போன பிறகு அந்த இடத்துக்கு அரசாங்கம் யாரையும் போடவில்லை. அப்போதிருந்த பெரிய டாக்டர் கண்ணாத்தாளைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார். கொஞ்ச காலம் பொறுத்திரு, பெர்மனண்ட் ஆகிவிடும் என்று சொன்னார். அவர் மாற்றலாகிப் போனார். அதற்குப் பிறகு சுத்தம் செய்கிற வேலை மொத்தமும் காண்ட்ராக்ட் என்று ஆகிவிட்டது. ஒரு கம்பெனி வந்தது, அது போய் இன்னொன்று வந்தது. ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் மேல்சட்டை கொடுத்தது. பச்சை வந்தது, ஊதா வந்தது, இப்போது காப்பிக்கலர். ஆட்கள் மட்டும் அதே ஆட்கள். பழைய சட்டைகள் கண்ணாத்தாள் வீட்டில் அடுப்புப் பாத்திரம் இறக்குகிற கைத்துணியாகக் கிடந்தன.

அவள் புருஷன் பேர் பிச்சை, லாரிக்கு லோடு ஏற்றப் போனவர். மகள் இசைவாணி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அவர் செத்துப்போனார். மகளை அய்யப்பனுக்குக் கட்டிக்கொடுத்தபோது அவன் நார்த்தாமலைப் பக்கம் ஒரு நூல் மில்லில் இருந்தான். மில்லை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்துவிட்டு, இசைவாணியைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்கே வந்துவிட்டான். வந்ததிலிருந்து அவனுக்குத் தலை நிமிரவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் என்று கேட்கமாட்டான். கண்ணாத்தாளும் மருமகனிடம் நேராகப் பேசுகிறவள் இல்லை. அவன் உள்ளே வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். "வாணி, மாப்புளைக்கு ரசம் ஊத்து" என்பாள். அவனும் "அயித்தைக்கு மாத்திரை வாங்கியாந்துட்டேன்" என்று பெண்டாட்டியிடம்தான் சொல்லுவான். அந்தச் சின்ன வீட்டுக்குள் ரெண்டு பேர் பேச்சும் இசைவாணி வழியாகவே போய் வந்தது.

காப்பிக்கலர் கம்பெனி வந்தபோது உள்ளூரிலேயே ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்றார்கள். கொஞ்சம் படித்திருக்க வேண்டும், வண்டி வேண்டும், நல்ல போன் வேண்டும். கண்ணாத்தாள் பிரசவ வார்டு நர்ஸ் பிரகதீஸ்வரியிடம் போய் நின்றாள். அந்த நர்ஸ் சொல்லித்தான் அய்யப்பனுக்கு வேலை கிடைத்தது. சேதி வந்த அன்றைக்கு இசைவாணி கேசரி கிண்டினாள். அய்யப்பன் அன்றைக்குத்தான் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

முதல் நாள் காலையில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் பேர் வாசித்தான். கண்ணாத்தாள் பேர் வந்ததும் நின்றுவிட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க" என்றான். வரிசையில் சிரிப்பு. மாமியார் பேரைச் சொல்ல மருமகனுக்கு வாய் வருமா, விடுங்க என்று ஜொஹராதான் சமாளித்தாள். பேர் வாசிப்பதோடு முடியவில்லை. போனில் முகத்தைக் காட்டினால்தான் வருகை பதியும். கண்ணை நேராக வைத்து ஒரு தரம் இமைக்க வேண்டும். மருமகன் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாத்தாள் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்தியபடி போனைப் பார்த்தாள். நாளாக நாளாக அது பழகிப்போனது. கக்கூஸில் தண்ணீர் தேங்கி நின்றால், "ரெண்டாவது பாத்ரூம் அடைச்சிருக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடப்பான். கண்ணாத்தாள் குச்சியை எடுத்துக்கொண்டு போவாள். சாயங்காலம் வீட்டில் அவனுக்குக் காப்பி போகும்.

ஜொஹராவுக்கு மீமிசல். காலை முதல் பஸ்ஸில் வருவாள். மத்தியானம் பிரசவ வார்டுக்குப் பின்னால் இருக்கிற நடையில் உட்கார்ந்து ரெண்டு பேரும் சாப்பிடுவார்கள். இவள் புளிச்சோறும் கத்தரி வற்றலும் கொண்டுவருவாள், அவள் மாசிச் சம்பல் கொண்டுவருவாள். சோற்றைத் தூக்குமூடியில் கொட்டிப் பிசைந்து ஆளுக்குப் பாதி. ஜொஹராவின் புருஷன் முகமது இப்ராஹிம் சவூதியில் டிரைவராக இருந்தவர். கிட்னி ரெண்டும் போய்த் திரும்பி வந்தார். வாரத்தில் ரெண்டு தரம் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தரம் கல்லூரியில் படிக்கிற மகள் ஃபர்ஹானா கூட்டிப்போவாள். இன்னொரு தரம் ஜொஹரா லீவு போட்டுப் போவாள். அந்த நாளில் அவள் பக்கத்து வேலையையும் கண்ணாத்தாள் பார்த்துவிடுவாள். லீவுக்குக் கம்பெனி சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும். அய்யப்பன் அதைச் சரிக்கட்டப் பார்த்தான். முகம் காட்டாமல் பதிய முடியாது என்று போன் சொல்லிவிட்டது.

டெங்குக் காய்ச்சல் வந்து, கட்டிலுக்கு ரெண்டு பேராகப் படுத்துக் கிடந்த சமயத்தில்தான் அந்தச் சேதி வந்தது. அய்யப்பன் சாயங்காலம் வந்து வண்டியை நிறுத்திவிட்டு நனைந்த சட்டையோடு உட்கார்ந்தான். இசைவாணிக்கு ஏழு மாசம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அவளிடம்தான் சொன்னான். அடுப்படியில் கண்ணாத்தாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புது ஒப்பந்தத்தில் ஆள் கணக்கைக் குறைத்துப் போட்டிருக்கிறார்களாம். பெண்கள் பக்கத்தில் ஒரு பேரைக் குறைக்க வேண்டுமாம். யாருடைய பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சூப்பர்வைசர் சொல்ல வேண்டுமாம். நோயாளி நிறைந்து கிடக்கிறார்கள் சார், இருக்கிற ஆளே பத்தவில்லை என்று அய்யப்பன் சொல்லிப் பார்த்திருக்கிறான். மெட்ராஸிலிருந்து பேசிய மேனேஜர் கோபப்படவில்லை. பேர் கொடுக்க உங்களால் முடியாது என்றால் கொடுக்கிற ஆளை நான் பார்த்துப் போட்டுக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

பெண்கள் பக்கம் மொத்தம் நாலு பேர். ரெண்டு பேர் சின்ன வயசுக்காரிகள், ஆபரேஷன் தியேட்டர் வேலை பழகியவர்கள். அவர்களை விட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் கண்ணாத்தாளும் ஜொஹராவும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது. மருமகன் கையில் பேனா இருக்கும்போது மாமியாருக்கு என்ன கவலை என்று டீக்கடையில் மூக்காயி சொன்னாளாம். அது கண்ணாத்தாள் காதுக்கும் வந்தது.

அவள் பிரகதீஸ்வரி நர்ஸிடம் போய்க் கேட்டாள். நானே காண்ட்ராக்ட்தான் அக்கா, வருஷா வருஷம் எழுதி வாங்குகிறார்கள் என்றாள் நர்ஸ். இப்போதிருக்கிற பெரிய டாக்டர் அறை வாசலில் காத்திருந்து கேட்டாள். அவர் நல்ல மனுஷர், உட்காரக்கூடச் சொன்னார். ஒப்பந்தம் மேலே போடுகிறார்கள், எங்களுக்கு வேலை நடந்ததா என்று எழுதிக் கொடுப்பது மட்டும்தான், ஆள் வைப்பதும் எடுப்பதும் எங்கள் கையில் இல்லை என்றார். மேலே என்று சொல்லும்போது அவர் கை மின்விசிறிப் பக்கம் காட்டியது. கண்ணாத்தாளும் அண்ணாந்து பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஜொஹரா வீட்டுக்கு வந்தாள். அதுவரை அவள் அந்த வீட்டுக்கு வந்தது இசைவாணி கல்யாணத்துக்கு ஒரு தரம்தான். குடையைச் சுருக்கி வாசலில் சாத்திவிட்டு ஒரு பையை நீட்டினாள். உள்ளே நகரை மீன். மழைக்குக் கடலுக்குப் போகிற வள்ளங்களே குறைவு. வந்த கொஞ்சத்துக்கும் யானை விலை.

"எதுக்கு ஜொஹரா இதெல்லாம்?"

"மீனு நல்லாருந்துச்சு. வாணி மாசமா இருக்காளே, குடுத்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

உள்ளே அய்யப்பன் இருந்தான். அவன் வெளியே வரவில்லை. ஜொஹராவும் உள்பக்கம் பார்க்கவில்லை. இசைவாணியின் வயிற்றைப் பார்த்து, பொம்பளைப் பிள்ளைதான் என்றாள். இப்ராஹிமுக்குக் கால் வீங்கியிருப்பதைச் சொன்னாள். ஃபர்ஹானாவுக்கு இது கடைசி வருஷம் என்றாள். காப்பியைக் குடித்துவிட்டுக் குடையை எடுத்தாள். வாசலில் நின்று ஒரு நிமிஷம் தயங்கினாள்.

"நான் ஒண்ணும் கேக்க வரலக்கா."

"தெரியும் ஜொஹரா. நீ ஒண்ணுக்கும் பயப்படாத. ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

அந்த வார்த்தையை எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜொஹரா அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

மீனைக் கழுவும்போதே கண்ணாத்தாள் முடிவுக்கு வந்துவிட்டாள். குழம்பு கொதித்து இறங்கியது. புளியும் மிளகாயும் சரியாகப் பிடித்திருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டார்கள், மீன் நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்து அய்யப்பன் கையைக் கழுவிவிட்டு வந்தபோது கண்ணாத்தாள் அடுப்படிக்குப் போகாமல் நின்றாள். மகள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"மாப்புள, எம் பேரையே குடுத்துருங்க."

இசைவாணிதான் முதலில் பதறினாள். பிரசவம் வருகிறது, செலவு இருக்கிறது, இவர் வேலையும் என்றைக்கு நிற்குமோ தெரியாது, எதை நம்பி வீட்டில் உட்காருவாய் என்று கேட்டாள். கண்ணாத்தாள் மருமகனைப் பார்த்தே பேசினாள்.

"இந்த வீட்ல நான் போனாலும் ஒரு சம்பளம் மிஞ்சும். அவ வீட்ல அவ போனா ஒண்ணுமே மிஞ்சாது. நாளைக்கு அவ புருசனுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, நம்ம மூணு பேருக்கும் சோறு எறங்குமா? சொல்லுங்க."

அய்யப்பன் தலையைக் குனிந்துகொண்டான். ஒங்களாலதான அயித்தெ எனக்கு இந்த வேலையே கெடச்சுச்சு என்றான். அதற்கு அவள், அதனால்தான் சொல்கிறேன், ஒரே வீட்டில் ரெண்டு பேர் என்று யாராவது மொட்டைக் கடுதாசி போட்டால் ரெண்டும் போய்விடும் என்றாள். அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. நியாயமாகப் பட்டதே அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை வரை வைத்திருந்தால் மனசு மாறிவிடும் என்று கண்ணாத்தாள் அப்போதே போன் போடச் சொன்னாள். மழை வலுத்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுகிற சத்தத்தில் மேனேஜருக்கு ஒன்றும் கேட்கவில்லை. அய்யப்பன் குனிந்த தலையோடு, "கண்ணாத்தாள் சார்" என்றான். அவர் மறுபடி கேட்டார். அவன் எழுந்து நின்று கத்தினான்.

"கண்ணாத்தாள். கண்ணாத்தாள் சார். பிரசவ வார்டு."

கண்ணாத்தாள் பக்கத்தில் நின்று கேட்டாள். மருமகன் வாயில் தன் பேர் வந்தது அதுதான் முதல் தரம். அவன் போனை வைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்க்காமல் மழையில் இறங்கிப்போய் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜொஹராவிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள், மேனேஜருக்கே போன் போடச் சொல்லுவாள் என்று தெரியும். மாசக் கடைசி வரை ரெண்டு பேரும் எப்போதும்போல ஒரே மூடியில் சாப்பிட்டார்கள். கண்ணாத்தாள் கொஞ்சம் கூடுதலாகவே வேலை பார்த்தாள். கட்டில் கால்களையெல்லாம் உட்கார்ந்து தேய்த்தாள். இது என்ன பொங்கலா வருகிறது என்று நர்ஸ் கேட்டாள்.

ஒன்றாம் தேதி காலையில் அவள் காப்பிக்கலர் சட்டைகளைத் துவைத்து மடித்து ஒரு பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜொஹராவிடம் சொல்லிக்கொண்டு வந்துவிடலாம் என்பது நினைப்பு. வரிசையில் ஜொஹரா அவளுக்கு முன்னால் நின்றாள். அய்யப்பன் போனை நீட்டினான். ஜொஹரா பார்த்தாள், இமைத்தாள். திரையில் சிவப்பாக வந்தது. வெளிச்சம் பத்தவில்லை போல என்று அவள் சிரித்தபடி முக்காட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். மறுபடி சிவப்பு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மூன்றாம் தரமும் அதேதான். பதிவில் இல்லை என்று எழுதியிருந்ததை அய்யப்பன் படித்துவிட்டான், ஆனால் வாயால் சொல்ல முடியவில்லை. ஜொஹரா திரையை எட்டிப் பார்த்தாள். அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

அவன் அங்கேயே மேனேஜருக்குப் போன் போட்டான். நான் கொடுத்த பேர் வேறு சார் என்றான். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நீங்கள் கொடுத்தது வந்தது, ஆனால் ஹெட் ஆபீசில் எல்லா ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து லீவு கணக்குப் பார்த்து எடுத்துவிட்டார்கள், லீவு அதிகம் உள்ளவர்கள் போய்விட்டார்கள் என்றார். அப்படியானால் எதற்கு என்னிடம் பேர் கேட்டீர்கள் என்று அய்யப்பன் கேட்டான்.

"ஒரு பேரு குறையணும். குறைஞ்சிருச்சு. அப்புறம் என்ன?" என்று போனில் வந்தது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

ஆனால் மழை ராத்திரியில் அவன் கத்திச் சொன்ன பேரை அவர்களில் யாரும் கேட்டதில்லை. ஜொஹரா தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். கண்ணாத்தாளைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிஷம் நின்றாள். ஒனக்கு ஒண்ணும் ஆகாது என்று சொன்ன வாயைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். பின்னால் நின்ற சின்னப் பெண் கண்ணாத்தாளைத் தொட்டு, போங்கம்மா, உங்கள் முறை என்றாள். அவள் போனுக்கு முன்னால் நின்றாள். பச்சை வந்தது.

அன்றைக்கு அவள் ரெண்டு வார்டையும் தனியாகத் துடைத்தாள். சட்டைகள் வைத்த பை நடையில் கிடந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தாள், பிறகு எழுந்து சோற்றை நாய்க்கு வைத்தாள்.

அய்யப்பன் ரெண்டு மூன்று பேரிடம் உள்ளதைச் சொல்லிப் பார்த்தான். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். உங்கள் நிலைமையில் நாங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று ஒருவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவன் யாரிடமும் சொல்லவில்லை. நான் நின்றுகொள்கிறேன், அவளைப் போடச் சொல்லுங்கள் என்று கண்ணாத்தாள் கேட்டாள். அதையும் போன் போட்டுக் கேட்டான். எடுத்த பேரை அடுத்த ஒப்பந்தம் வரை சேர்க்க முடியாதாம். இவளும் நின்றுவிட்டால் அந்த இடமும் காலிதான், வேறு ஆள் வராதாம். பிரகதீஸ்வரி நர்ஸ் கேள்விப்பட்டுப் பதறிப்போய், நீங்களும் போய்விட்டால் பிள்ளை பெற வருகிறவர்களை யார் பார்ப்பது என்று கையைப் பிடித்துக்கொண்டாள். போகவும் முடியவில்லை. இசைவாணி ஒரு நாள், "விடும்மா, ஒன் வேலையாவது நின்னுச்சே" என்றாள். கண்ணாத்தாள் மகளைப் பார்த்தாள். அவள் சொன்னதில் தப்பு இருப்பதாகவும் தோன்றவில்லை.

மதிய டூட்டி வந்த ஒரு நாள் காலையில் மீமிசல் பஸ்ஸில் ஏறினாள். மழை விட்டு வெறித்திருந்தது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்மாய்த் தண்ணீர் தளும்பிக் கிடந்தது. வீட்டை விசாரித்துக்கொண்டு போனாள். வாசலில் ஃபர்ஹானா நின்றாள்.

"உம்மா யாருகிட்டயும் பேசவே மாட்டேங்குது" என்றாள் மெதுவாக. "அழுதாக்கூடப் பரவால்ல. சும்மா ஒக்காந்துருக்கு. நீங்க பேசிப் பாருங்க."

கூடத்துக் கட்டிலில் இப்ராஹிம் படுத்திருந்தார். எழ முயன்று, வாங்கம்மா என்றார். ஜொஹரா கொல்லையில் தாழ்வாரத்தடியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரன் கொடுத்துவிட்டுப் போனது, உரித்த எடைக்குக் கூலி. விரல்கள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள்.

கண்ணாத்தாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன் பேரைக் கொடுக்கச் சொன்னதை, மழையில் மருமகன் கத்திச் சொன்னதை, லீவு கணக்கை, தன்னை நீக்கிவிட்டு அவளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டதை. ஜொஹராவின் கை நிற்கவில்லை. தலை வேறு, ஓடு வேறாக விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, இத்தனை நாள் கழித்து வாய் திறந்தாள்.

"அப்ப ஒம் மருமகன் எம் பேரக் குடுக்கல."

"குடுக்கல ஜொஹரா. நான் பக்கத்துல நின்னேன்."

"பெரிய டாக்டரு?"

"அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

"அந்த மேனேஜரு?"

"அவருக்கும் மேல யாரோ கம்ப்யூட்டர்ல பாத்து எடுத்தாகளாம்."

"யாரோன்னா யாருக்கா?"

கண்ணாத்தாளுக்குத் தெரியவில்லை. ஜொஹரா கையிலிருந்த இறாலைத் தட்டில் போட்டாள்.

"இம்புட்டு நாளும் தொழுதுட்டு ஒக்காந்தா ஒம் மருமகன் மூஞ்சிதான் வரும். அவன் பேரச் சொல்லி அல்லாகிட்ட கையேந்தணும்னு வரும். வாணி புள்ளத்தாச்சியாச்சேன்னு வாய அடக்கிக்கிருவேன். அப்பிடியாவது ஒரு ஆளு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லங்குற. நான் பாட்டுக்கு வேல பாத்தேன், என் வேலய எடுத்தது யாருன்னுகூடத் தெரியலேன்னா நான் யாரச் சொல்லி அழுவ? மழையச் சொல்லியா?"

குரல் உயரவில்லை. கண்ணிலும் ஒன்றும் இல்லை, வறண்டு கிடந்தது. பிரசவ வலியில் நகம் பதியக் கையைப் பிடிக்கிறவளைக்கூடக் கண்ணாத்தாளால் தாங்க முடியும். இப்படி உட்கார்ந்திருப்பவளைத் தாங்க முடியவில்லை.

"என்னையச் சொல்லி அழு" என்றாள்.

"நீ என்ன செஞ்ச?"

"நாந்தான் ஜொஹரா ஒம் பேரச் சொன்னேன்." சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் நின்றாள். பிறகு நிறுத்தாமல் சொன்னாள். "மாப்புள என்னையத்தான் எடுக்கணும்னு நின்னாரு. நாந்தான் மாத்தச் சொன்னேன். மக மாசமா இருக்கா, எனக்கு வேல வேணும், அவ பேரக் குடுங்கன்னேன். இம்புட்டு நேரம் சொன்னது பொய்யி. எம் மகளச் சொல்லாத, மருமகனச் சொல்லாத. நாந்தான்."

ஜொஹரா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் இருமிக்கொண்டிருந்த இப்ராஹிம் இருமலை நிறுத்தினார். ஃபர்ஹானா கதவோரம் வந்து நின்றாள். எத்தனையோ வருஷம் ஒரே மூடியில் சோறு தின்றவள், எது மெய் எது பொய் என்று ஜொஹராவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அது வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டாள்.

"மீன வாங்கித் தின்னீயேடி" என்றாள்.

அப்புறம் நிற்கவில்லை. ஒனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னியே என்றாள். எம் புருசன் கெடக்குற கெடையத் தெரியாதா ஒனக்கு என்றாள். எந்த வீட்டிலும் சொல்லக்கூடாத வார்த்தைகளையும் சொன்னாள். சத்தம் கேட்டு அண்டை வீட்டுப் பெண்கள் கொல்லை மறைப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். போதும் ஜொஹரா, வீட்டுக்கு வந்தவங்க என்று இப்ராஹிம் உள்ளிருந்து சொன்னார். கண்ணாத்தாள் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றாள். மகளைப் பற்றி ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்றுதான் பயந்தாள். அது வரவில்லை. எல்லாம் சொல்லித் தீர்ந்ததும் ஜொஹரா இறால் நாற்றம் அடிக்கிற கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். உடம்பெல்லாம் குலுங்கியது. ஃபர்ஹானா ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டாள்.

கண்ணாத்தாள் பக்கத்தில் போகவில்லை. அழுகை ஓய்கிறவரைக்கும் அங்கேயே நின்றாள்.

வெகுநேரம் கழித்து ஜொஹரா முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை முன்னால் இழுத்தாள். அவளைப் பார்க்காமலே சொன்னாள்.

"போ. இனிமே இங்கிட்டு வராத." ஒரு இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். "பன்னெண்டரை பஸ்ஸ விட்டா டூட்டிக்குப் போக முடியாது. லீவு போட்றாத."